பதினாலாம் தாள்

ஒரு லிட்டர் நீலம், ஒரு லிட்டர் சிவப்பு,
இரண்டங்குல பிரஷ், துடைக்கப் பழைய பனியன்.
நாள்கூலி எண்ணூறு. சாப்பாடு நம்முடையது.
நீலம் இருபத்தைந்து வருஷத்து வெள்ளம்,
சிவப்பு நூறு வருஷத்தது
என்றார் கேளுஸ்கர் மேடம்.
வெள்ளத்துக்கு வயசு உண்டு என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

முக்காலிமேல் கருவி. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
அவர் கை அசைக்கிற இடத்தில்
குனிந்து புள்ளி வைப்பேன்.
மிட்டி நதிக்கும் நீலத்துக்கும் நடுவில் தடை மண்டலம்.
அங்கே புதுச் செங்கல் ஒன்றுகூட ஆகாது.
நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் கட்டுப்பாட்டு மண்டலம்.
கட்டலாம்,
தரையை வெள்ளமட்டத்துக்கு மேலே தூக்க வசதி இருந்தால்.
சிவப்புக்கு அப்பால் விதி பேசவில்லை.
அங்கே இருபத்திரண்டு மாடிக்குக்
கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

குர்லாச் சந்தில் எந்தக் கோடும் நேராகப் போனதில்லை.
இதுவும் போகவில்லை.
மாவு மில் படியேறி இறங்கி
சலூன் நாற்காலிக்கு அடியில் நுழைந்து
சொல்லாமல் கொள்ளாமல்
தங்கபுஷ்பம் வீட்டுக்குள் போய்விட்டது.
அடுப்பு அந்தப் பக்கம். கட்டில் இந்தப் பக்கம்.
"அப்போ நான் தடையில பொங்கி
கட்டுப்பாட்டுல தூங்கணும், அப்படித்தானே?"
மேடத்துக்கு மராத்தியில் சொன்னேன்,
அவள் குரலில் இருந்ததை விட்டுவிட்டு.

தினக் காலண்டரில் அன்று ஆடிப்பெருக்கு.
ஆறு பெருகினால் நமக்குச் சித்திரான்னம்.
மாநகராட்சிக்கு நோட்டீஸ்.

"அந்த ஜூலையில வந்தது நூறு வருஷத்து வெள்ளம்னா
நம்ம காலத்துக்கு இனி வராதில்ல?"
மேடம் விரலை மடக்கினார், நீட்டினார்.
அப்படி இல்லை.
எந்த வருஷமானாலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு.
வந்த மறுவருஷமும் அதே ஒரு பங்கு.
நிகழ்தகவுக்கு மராத்தியில் என்னவோ சொன்னார்,
எனக்குத் தமிழிலேயே அது விளங்காது.
தங்கபுஷ்பம் சீட்டு நடத்துகிறவள். டக்கென்று பிடித்துக்கொண்டாள்.
"டப்பாவுல நூறு பேரு. ஒண்ணை எடுக்கறோம்.
நம்ம சீட்டுல எடுத்தவன் பேரை ஒதுக்கி வெச்சிடுவோம்.
ஆத்துக்காரன் அதை மடிச்சு
மறுபடி டப்பாவுக்குள்ளேயே போடறான். அதானே?"
அதேதான்.
"இப்படி நான் நடத்தினா உள்ளே தள்ளிடுவாங்க."

இதைச் சொன்னதும் மேடம் சிரித்தார்.
அப்புறம் சிரிப்பை நிறுத்தி
டைரியில் என்னவோ எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது பீரோவை அரையடி நகர்த்திக் காட்டினாள்.
சுவரில் பழுப்பாய் ஒரு கோடு, என் கழுத்தளவு.
"இதை எவனும் கூலிக்குப் போடலை."
மேடம் டேப் வைத்து அளந்தார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடல் ஏறுகிற நேரத்தில் மழையும் பிடித்தால்
ஆறு வெளியே போக வழியில்லாமல்
வந்த வழியே திரும்பும்.
அந்தத் தண்ணீருக்கு என்ன நிறம் என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் மணி ஐந்தடித்தது.

வெள்ளிக்கிழமை பதினாலாம் தாளின் ஓரம் வந்தது.
கள்ளுண்டவன் சட்டையை இழுத்த மாதிரி
கோடு அந்தரத்தில் நின்றது.
முக்காலியை மடக்கினார்கள். ஒப்பந்தம் இவ்வளவுதான்.
"மிச்சம்?"
"அடுத்த நிதியாண்டு."
மிச்சம் என்பது பதினைந்தாம் தாள்.
என் வீடு அதில்தான்.
சட்டப்படி எனக்கு இன்னும் ஆறே கிடையாது.

கால் லிட்டர் நீலம் மீந்திருந்தது.
மூடியைச் சுத்தியால் தட்டி இறுக்கி
ஏணி போட்டுப் பரணில் வைத்தேன்.
"கட்டிலுக்கடியில இடமிருக்கே?" என்றாள் ராஜகனி.
"பரண் ஒன்பதடி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பரணையே பார்த்தாள்.
பிறகு தகர டப்பாவைத் திறந்து
ரேஷன் கார்டு, பையனின் மார்க் ஷீட்,
வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ்,
எல்லாவற்றையும் பால் கவரில் சுருட்டி
ஏணியில் நின்ற என்னிடம்
ஒவ்வொன்றாக நீட்டினாள்.