வாங்கிகள்

பாடப்புத்தகத்தில் இது சூல்வித்தகம்.
விடுதியில் இளங்கொடி.
நஞ்சு என்றும் சொல்வார்கள்,
ஒன்பது மாதம் சோறு போட்டதை.

விடிய மூன்று பத்துக்கு
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
ஏறாவூர் பஸ்மிலாவுக்கு இரண்டாவது ஆண்பிள்ளை.
பத்து நிமிடம் கழித்து அது,
வெதுவெதுப்பாய், என் தட்டில்.

படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. ஆனாலும்
வாசலில் நின்ற றமீஸ் கேட்டார்:
"முழுசா அடக்கணும் மிஸ்.
ஒரு துண்டு குறைஞ்சா என்ன கணக்கு?"
எனக்குத் தெரியாது.
உள்ளே கட்டிலில் இருந்து ஒரு குரல்:
"குடுங்க. நகத்தளவுதானே.
நோவு எப்புடி வருதெண்டு
அவங்களாவது கண்டுபுடிக்கட்டும்."

நகத்தளவை ஐஸில் வைத்தேன்.
மிச்சம்
மூடி இறுக்கிய ஐஸ்கிறீம் வாளியில்
மோட்டார் சைக்கிளில் ஏறாவூர் போனது.

அடுத்த வியாழன். சாயமிட்ட கண்ணாடித் துண்டு.
ஓரத்துக் கலங்களில் கபிலப் புள்ளிகள்:
டோபமின் வாங்கிகள்.
மூளையில் ஆசையோடு ஓடித் திரிகிற
அதே டோபமினுக்கு
இங்கேயும் வாசல்.

ஆனால் இந்தச் சதையில்
ஒரு நரம்பும் இல்லை.
அப்படியென்றால்
யார் கொடுக்க, இவை யாரிடம் வாங்கின?
தாயிடமா, பிள்ளையிடமா,
தன்னிடமே கைமாற்றா?
கேட்ட சொல் "வா"வா, "பொறு"வா?

"எண்ணுங்க" என்றார் சேர்.
எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டில் கண் மங்கியது.

நோவைப் பற்றி எழுத
அட்டவணையில் நிரல் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்:
பஸ்மிலா கேட்டவ.