இருபத்து நான்கு

யீஷூன் சமூக மன்றம், மூன்றாம் மாடி.
செவ்வாய் இரவு ஏழரைக்கு இலவசச் சட்ட ஆலோசனை.
என் எண் பதினேழு.
எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவார்களாம்.

பதினாறு எழுந்து போனதைப் பார்த்தேன்.
பிறகு பதினெட்டு எழுந்தார்.

முகம் சிவக்காமல் போய்க் கேட்க
நாற்பத்தொரு வயதில் பழகிவிடுகிறது.
காதைத் தொட்டுக் காட்டினேன்.
தொண்டூழியர் பையன் பதறி மூன்று முறை மன்னிப்புக் கேட்டான்,
மூன்றையும் தலைகுனிந்து.
குனிந்த வாயிலிருந்து எனக்கு ஒன்றும் வராது, தம்பி.

இதற்கு முன் நான்கு அலுவலகம்.
பீப்பள்ஸ் பார்க்கில் ஒன்று: விவாகரத்து, உயில், வீடு விற்க.
இன்னொன்று மின்னஞ்சலில் பதில் போட்டது:
தொலைபேசியில் பேசி நேரம் வாங்கவும்.
மூன்றாமவர் ஆவலாகக் கேட்டார்,
உடற்குறையா, எப்போது விபத்து?
விபத்து இல்லை. பிறந்தேன்.
நான்காவது கதவு பூட்டியிருந்தது.

இங்கே சஃபியா மரைக்கார்
மேசை விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டார்.
யார் சொல்லிக் கொடுத்தார்களோ.
தமிழா, ஆங்கிலமா என்றார்.
உதட்டைத் தமிழில்தான் நன்றாகப் படிப்பேன்.
அதிலும் பள்ளம் உண்டு:
பகரமும் மகரமும் ஒரே மூடல்.
பணி போனதா, மணி போனதா,
சூழலை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

"ஒரு பாதம்தான்" என்றார்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
தாளை இழுத்து எழுதினார்: மாதம்.
வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனு.
இருபத்தொரு நாள் போயிருந்தது.

செனோக்கோவில் ரொட்டிக் கூடம், எட்டு வருடம்.
புது அடுப்பு புது மணியோடு வந்தது.
பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு சிவப்பு விளக்கு மாட்டுங்கள் என்றேன்.
மேலாளர் கடிதத்தில்
பாதுகாப்பு என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது.
விளக்கு ஓர் இடத்திலும் இல்லை.

புதுச் சட்டம் ஒன்று உண்டு, எழுதினார்.
உடற்குறையைக் காரணம் காட்டி அனுப்பக் கூடாது என்கிறது.
அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.
அடுத்த வரி:
இருபத்தைந்து பேருக்குக் குறைந்த இடங்களுக்கு
இப்போதைக்குப் பொருந்தாது.
உங்கள் கூடத்தில் எத்தனை பேர்?

விரல்விட்டு எண்ணினேன்.
தரை துடைக்கும் அக்கா குத்தகைக்காரரின் ஆள், சேராது.
முதலாளியின் மச்சான் சம்பளப் பட்டியலில் உண்டு,
முகத்தை யாரும் பார்த்ததில்லை.
இருபத்து நான்கு என்று எழுதினேன்.
அதன் கீழே:
என்னைச் சேர்த்தா, சேர்க்காமலா?

அவர் பேனா சற்று நின்றது.

பிறகு பழைய சட்டத்துக்கு வந்தார்.
நியாயமின்றி நீக்கினார்கள் என்று அதில் போகலாம்.
முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம்.
ஆனால் உள்ளே நான் வர முடியாது,
வக்கீல்களுக்கு அங்கே இடமில்லை.
சிரித்துவிட்டேன்.
நான்கு வாசல் ஏறி இறங்கி ஒருவரைக் கண்டுபிடித்தால்
அவர் நுழைய முடியாத வாசல்.

தேதி போட்டு எழுதுங்கள்.
யார் சொன்னது, எந்த நாள், யார் பக்கத்தில் இருந்தார்கள்.
விளக்கின் விலைக்கு ஆதாரம்.
சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள்.
தயங்காமல் கேளுங்கள்.
இந்தச் சொல்லில் பாதி எனக்கு இல்லை.
மற்ற பாதி இருக்கிறது.

கீழே பிளாக் ஓரத்து வன்பொருள் கடை
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தது.
சிவப்பு விளக்கு, பன்னிரண்டு தொண்ணூறு.
ரசீது கேட்டு வாங்கினேன்.