நீல நிறத்தில் ஒரு ரோடு

டிக்கோயா தாண்டி இறங்கையில்
பிரேக் கட்டையில் கருகல் வாசம்.
வளைவில் ஒதுங்கி நின்றோம்,
தோட்டத்து லொறிக்கு வழிவிட.
கொழுந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தவன்
கெரியரில் கட்டியிருந்த கூடாரத்தைப் பார்த்து
"மீன் விக்கவா போறீங்க?" என்றான்.
ஆமாம் என்றாள் யோகமலர்.
விளக்கிச் சொல்ல மூச்சில்லை.

நாங்கள் வந்தது ரூட் எழுத.
டூரிஸ்ட் கம்பனிக்கு,
கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று.
எங்கே ஏற்றம், எங்கே குடிதண்ணீர், எங்கே நாய்,
எங்கே சைக்கிளைச் சாத்திவிட்டுப் பார்க்கவேண்டிய
பழைய கட்டடம்.

காசல்ரீ ஓரத்தில் கருங்கல் சர்ச்.
புல் வெட்டிய கல்லறைகளில் துரைமார்:
பெயர், பிறந்த ஊர், வயது,
ஒருவருக்குக் காய்ச்சல் என்றுகூட.
'நிழல் உண்டு, இருபது நிமிடம் போதும்'
என்று எழுதிக்கொண்டேன்.
யோகமலர் மேலே தேயிலைக்குள் ஏறிப்போய்
கல்லும் பெயரும் இல்லாத மண்மேடுகளை
எண்ணிவிட்டு வந்தாள்.
முப்பத்தொன்றோடு நிறுத்திவிட்டாளாம்,
காலில் அட்டை.
"இதையும் எழுது."
"என்னவென்று?"
சப்பாத்தைக் கழற்றி உதறினாள்.
"அட்டை உண்டு என்று."

நோர்வூட்டில் ரொட்டி, கட்டைச் சம்பல்,
வாய் எரிய இரண்டாவது பிளேன்டீ.
அதன் பிறகு மஸ்கெலியா வரைக்கும்
யாரும் யாரோடும் பேசவில்லை.

மழை பிந்திய வருஷம்.
மவுசாக்கலை தன் தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு
நடுவுக்குப் போயிருந்தது.
சுற்றிலும் சிவந்த கரை, வரி வரியாக,
குளித்த தொட்டியில் தங்கும் அழுக்கைப்போல.
அந்த வரிகளுக்கெல்லாம் கீழே
ஒரு ரோடு.

மதகு இருந்தது.
மதகுக்கு அப்பால் கோயிற்சுவர் ஒரு பக்கம்,
கடை வாசற்படிகள் மூன்று, கடை இல்லாமல்.
பழைய டவுன்.
அதன் மேலாகக் கம்பிகள் நீண்டு
மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ
விளக்கு ஏற்றப் போய்க்கொண்டிருந்தன.

இறங்கி மிதித்தோம்.
தார் கொஞ்சம், சேறு நிறைய.
போன் வரைபடத்தில் எங்கள் புள்ளியும் நீலம்,
ஏரியும் நீலம்.
எங்களைக் காணவில்லை.
யோகமலர் மூன்று படிகளின் முன் நின்று
மணியை ஒருமுறை அடித்தாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
எனக்கும் அடிக்கத் தோன்றியிருந்தது.

பின் டயர் உட்கார்ந்தது அங்கேதான்.
ஆணி. கறுத்து, சதுரத் தலை.
"அந்தக் காலத்து லாட ஆணி" என்றேன்.
"மீன்காரன் படகில் கழன்றதாயிருக்கும்" என்றாள்.
டியூபை உருவிக் காற்றடித்து
தண்ணீர் விளிம்பில் அமுக்கினோம்.
கையடியில் குமிழிகள், ஒற்றை நூலாய்.
ஓட்டையைப் பெருவிரலால் பொத்தினேன்.
நின்றது.

இருபதடி தள்ளி, ஆழத்தின் மேல்,
வேறு குமிழிகள்.
கொஞ்சம் எழும்பின, நின்றன,
மறுபடி எழும்பின.
மீன், என்றாள் யோகமலர்.
மீன்தான், என்றேன்.
ஒட்டுப்போட்ட பசை காயும் வரை
இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அறுநூறு மீட்டர்.
கணக்கில் சேர்ப்பதா என்று திரும்பும் வழியெல்லாம் வாதம்.
அந்த இடம் தண்ணீராச்சே என்பார்கள் கம்பனியில்.
வாடிக்கையாளர் மாசியில் வந்தால் ரோடு,
ஆடியில் வந்தால் முங்கிச் சாக வேண்டியதுதான்.
கடைசியில் எழுதினேன்:
'பாதை சில வருடங்களில் மட்டும்.'
டயரில் அப்பியிருந்த மண்ணைக்
கழுவக்கூடாது, அதுதான் சாட்சி, என்றாள் அவள்.

ஹட்டன் ஏற்றத்தில் மழை பிடித்தது.
ஒதுங்க இடமிருந்தது, ஒதுங்கவில்லை.
அவளுடைய பின்சக்கரத்திலிருந்து
சிவப்பாய் ஒரு கோடு
என் முன்சக்கரம் வரை நீண்டுவந்து
பிறகு வெறும் தண்ணீராயிற்று.