கடைசி இலக்கம்

நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.
கடைசி இலக்கம் மட்டும் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும்,
முன்னால் போனதெல்லாம் சரிதானா என்று சொல்ல.
பதினோரு வருஷமாக யார்டு கேட்டில் நின்று
லாரியில் வரும் பெட்டிகளை எழுதுகிறேன்.
கட்டத்தைப் பார்க்குமுன்னே சொல்லிவிடுவேன்.
கிளீனர் பையன்களிடம் பந்தயம் கட்டி
டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

தை மாசம் எங்கள் பிளாக்கை இடித்தார்கள்.
புதுசாகக் கட்டித் தருவார்களாம்,
இரண்டு வருஷமாம்.
தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூர்.
ஒரே அறை, ஐந்து பேர்.
மாமனாரின் இருமல் ஓர் ஆள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.
தண்ணீர் லாரி ராத்திரி இரண்டு மணிக்கு.
"எல்லாரும் இருக்காங்கல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ ஜெசிந்தா"
என்றார் அமலநாதன்,
குடத்தைத் தூக்கிக்கொண்டே.

மாசியில், ஏழு ஒன்றாகத் தெரிந்தது.
பங்குனியில் பேனா பாதியில் நிற்கும்.
பின்னால் ஹாரன், அதற்குப் பின்னால் ஹாரன்,
கண்ணெட்டும் தூரம்வரை
என்னால் நிற்கிற லாரிகள்.
இறால் ஏற்றிய குளிர்பெட்டியை
வெறும்பெட்டி வரிசைக்கு அனுப்பிவிட்டேன்.
மூன்றாம் நாள் நாற்றம்தான்
என்னைக் காட்டிக்கொடுத்தது.
மெமோ.

ஸ்டான்லியில் டாக்டருக்குச் சின்ன வயசு,
கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை.
தூக்கம்? இல்லை.
அழுகை? கழிவறையில் மட்டும், மேடம்,
வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் அது ஒன்றுதான்.
எப்போதிலிருந்து?
சாவியைக் கொடுத்த நாளிலிருந்து.
எந்தச் சாவி என்று கேட்டார்.
அதைச் சொல்லத்தான் நேரமானது.

சீட்டில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன்.
அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்.
சிரித்துவிட்டேன்.
"எனக்கா?"
குழாயடியில், பந்தியில், பிரசவ வார்டில்,
ஒரு கட்டிலில் இரண்டு பேராக
ஒருக்களித்தே படுத்துப் பழகினவள்,
எனக்கா?
அவருக்குப் புரியவில்லை.
அல்லது புரிந்துதான்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
காசிமேட்டில் மீன்கூடையோடு ஏறினவள்
"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காரும்மா" என்றாள்.
நகரவில்லை நான்.
சுங்கச்சாவடி வரைக்கும்
முட்டியை அகட்டிக்கொண்டு
வெளியே பார்த்தபடி இருந்தேன்.
பிறகு எழுந்து
சீட்டு முழுதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கம்பியைப் பிடித்து நிற்கையில்
பக்கத்தில் ஒரு டிரெய்லர் ஊர்ந்தது.
துருப்பிடித்த நீலப் பெட்டி.
எழுத்து நான்கு, எண் ஆறு,
கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு
வாய்க்குள் சொன்னேன்: ஆறு.

கையை எடுத்தேன்.
எட்டு.