மூச்சுச் சோதனை

"அஞ்சு எண்ற வரைக்கும் இழுங்க, அஞ்சு எண்ற வரைக்கும் விடுங்க"
என்கிறாள் ராயபுரம் லேபில் ஜெசிந்தா.
மூச்சோடு நாடியும் ஏறி இறங்கணுமாம்.
என் கோடு
பக்கிங்ஹாம் கால்வாய்த் தண்ணீராய்
அலையே இல்லாமல் கிடக்கிறது.

"சீராத்தானே இருக்கு?"
"அதான் பாய் பிரச்சினை."

முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால்
வேர்க்கும், கை உதறும்.
இப்போது சொல்லிக்கொள்ளாமல் வருகிறது.
போன செவ்வாய், மிண்ட் சிக்னலில்
சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் எரியும் நிறத்தின் பெயர்
வரவே இல்லை.
ஸ்கூட்டர் கைப்பிடியில் கை இருக்கிறது,
யாருடைய கையோ.
பின்னால் லாரி கத்துகிறது.

சட்டைப்பையில் ஷம்ஷாத் போட்டுவைத்த ஆரஞ்சு மிட்டாய்.
அந்தக் காகிதத்தைப் பிரிக்க
எத்தனை நேரம்!
நாக்கில் புளிப்பு கரையக் கரைய
மெல்ல வந்தது:
மஞ்சள்.

அதற்குள் சிக்னல்
மறுபடி சிவப்பு.