இன்னும் நூற்றைம்பத்தொன்று

ஐந்தரைக்கு ஷிப்ட் முடியும்.
இலந்தைக்குளத்தில், கேட்டுக்கு எதிரே,
நல்லமணி கடையில் இரண்டாவது பால் பொங்கும்போது
அங்கே ஏழாவது இன்னிங்ஸ்.

அந்த ஊர்ப் பெயர் எங்கள் யார் வாயிலும் ஒழுங்காக நுழையாது.
இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசும்போது மட்டும்
மூக்கால் சொல்லிச் சமாளிப்போம்.
கடையில் அது ஏரிக்கரை.
ஏரிக்கரை டீம். எங்கள் டீம்.
எப்படி எங்களுடையதாச்சு என்றால்
ரிஸ்வானா வைத்திருக்கிறாள் பதில்:
"அந்த ஊர்க்காரங்க முழங்கால் ஆபரேஷன் பில்லு
மூணு வருஷமா நாமதானே போடுறோம்.
யாருக்கு எந்தக் கால்னு அத்தனையும் தெரியும்.
டீம் மட்டும் வேற யாரோடதாம்?"

சீசன் தொடங்கி இரண்டு வாரம்.
பதினோரு ஆட்டம், ஒன்பது தோல்வி.
பெனடிக்ட் கட்டைவிரலால் போனைத் தேய்க்கிறான்,
அடியில் எங்கேயோ ஒரு வெற்றி ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.
"போன வருஷமும் இப்பிடித்தான் ஆரம்பிச்சாங்க."
"எப்பிடி முடிச்சாங்க?"
"இப்பிடியேதான்."

"மொத பிட்சருக்குத் தோள்பட்டை போச்சாம்."
"போச்சா? அந்தப் பில்லும் நம்மகிட்டதான் வரும்."
நல்லமணி சிரிக்கவில்லை.
அவருக்கு இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு சந்தேகம்:
அடித்தவன் மட்டையை ஏன் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறான்,
யாராவது எடுத்துக்கொண்டு போனால்?

துளசிராம் வடைப் பேப்பரில் எண்ணெய் படாத மூலையைத் தேடிக்
கணக்குப் போடுகிறான்.
புதிதாக வந்த இடதுகைக்காரன்
நாற்பது தடவை நின்று பன்னிரண்டு அடித்திருக்கிறான்.
"பத்துக்கு மூணு. அந்த ஊர்ல அதுக்குப் பேரு சாமி."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
எங்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.
தொண்ணூற்றேழு என்றால் மெயில் வரும்.
தொண்ணூற்றாறு என்றால் கண்ணாடி அறையில் உட்காரவைத்து
முதலில் தண்ணீர் கொடுப்பார்கள்.
இங்கே ஒருவன் பத்துக்கு ஏழு தடவை
வெறுங்கையோடு திரும்பி
தொப்பியைச் சரிசெய்து
எதையோ மென்றுகொண்டு உட்காருகிறான்.
ஒரு ஊரே எழுந்து நின்று கைதட்டுகிறது.

"நேத்து எனக்குத் தண்ணி கொடுத்தாங்க"
என்றாள் முத்துப்பேச்சி, டீயைப் பார்த்தபடி.
உசிலம்பட்டிப் பக்கம். சேர்ந்து பதினோரு நாள்.
யாரோ ஒருவரின் வலது முழங்காலை
இடது என்று போட்டுவிட்டாள்.

எங்களிடம் ஆறுதல் கைவசம் இல்லை.
பெனடிக்ட் ஒரு பருப்புவடையை அவள் பக்கம் தள்ளினான்.
ரிஸ்வானா,
"மாத்தி ஆபரேஷன் பண்ணினாத்தான்டி தப்பு,
மாத்தி டைப் அடிச்சதுக்கு என்ன" என்றாள்.
அது தப்புத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.
வடையை அவள் தின்றாள்.

வேன் ஹார்ன் அடித்தது.
சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பு நட்டாகிவிட்டது,
கோரிப்பாளையம் வழி கிடையாது,
சுற்றித்தான் போகணும் என்றார் டிரைவர் இருளப்பன்.
ஒன்பதாவது இன்னிங்ஸ் வேனுக்குள் ஏறியது.
ஒரு போன், நான்கு தலை,
நடுவில் முத்துப்பேச்சியின் சாப்பாட்டுக் கூடை.

"என்னப்பா, ஜெயிச்சாச்சா?"
"இல்லண்ணே. பதினொண்ணுல ஒம்போது போச்சு."
"இன்னும் எத்தனை ஆட்டம்?"
"இதையும் சேத்து நூத்தம்பத்தொண்ணு."
கியரை மாற்றி, கண்ணாடியில் எங்களைப் பார்த்து,
"அடப் பாவிகளா" என்றார்.
எங்களைச் சொன்னாரா அவர்களைச் சொன்னாரா தெரியவில்லை.

ஓர் ஓட்டம் பின்தங்கி இருக்கிறோம்.
இரண்டாவது பேஸில் ஒரு ஆள்.
இடதுகைக்காரன் மட்டையால் காலணியைத் தட்டுகிறான்.
"பன்னெண்டு அடிச்சவன்" என்று
முத்துப்பேச்சி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.
எறிந்தான்.
சத்தம் முதலில் வந்தது, படம் அப்புறம்.
பந்து மேலே, மேலே,
விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி —

ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்தது வேன்.
சிக்னல் இல்லை.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
யாரும் மூச்சு விடவில்லை.
முன்னால் ஒரு மாட்டுவண்டி,
அதற்கு எந்த அவசரமும் இல்லை.