வளைந்த பாத்தி

முப்பத்தைந்து வருடக் கடன்.
வங்கியிலிருந்து வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்,
கூரையைப் படம் எடுத்தார்.
மண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

எழுத மண்ணும் இல்லைதான்.
சுங்கை ஆராவில் மூலை வீடு,
மூன்று பக்கமும் சிமெண்டு.
பதினோராம் மாடியிலிருந்து
மைலோ டின்னில் ஒரு கற்பூரவல்லியோடு
இறங்கி வந்திருந்தேன் நான்.

சனிக்கிழமை ஷொஃபிக் வந்தார்,
உடைக்கும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து.
மாலைக்குள் தரை பெயர்ந்தது.
அடியில் மண் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது,
மாவுக்கட்டுப் பிரித்த கால் போல.
பினாங்கில் இருந்துகொண்டு
மழையைத் தெரியாத மண்!

தோண்டத் தோண்ட
ஓட்டுச் சில்லு, பச்சைக் கோலிக்குண்டு,
யாரோ கொத்தனார் விட்டுப்போன கையுறை,
ஐந்து விரலிலும் சிமெண்டு இறுகி
கைகுலுக்க நீட்டியபடி.
அதை மட்டும் எறிய மனமில்லை,
தண்ணீர்க் குழாயின் மேல் வைத்தேன்.

'வெண்டை போடு, மிளகாய் போடு,
பூவைத் தின்ன முடியுமா?' என்றார் புவனேந்திரன்.
'முப்பத்தைந்து வருடமும்
வயிற்றுக்கா கட்டப்போகிறோம்?'
'சரி, செம்பருத்தியாவது...'
'வேண்டாம். அது நோட்டில் பூக்கிறது.
மாதாமாதம் வங்கி பறித்துக்கொள்கிறதே, போதாதா?'

இட்லிப் பூ, நந்தியாவட்டை,
வேலியோரம் சங்குப்பூ.
செங்கல் அடுக்கி, கயிறு பிடித்து
அளவுகோல் போல நேராகப் பாத்தி.
எனக்கு நேர்க்கோடு பழக்கம்.
சிப் தொழிற்சாலையில் இரவு வேலை;
தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி,
ஒரு தூசு விழுந்தால் ஒரு தட்டே வீண்.
காலையில் அந்த அங்கியை உரித்துவிட்டு
நேரே வந்து
நகக்கண் நிறைய அழுக்கு ஏற்றிக்கொள்வேன்.

இரண்டாம் ஞாயிறு
வீட்டை விற்ற ஊய் அம்மா வந்தார்,
பழைய முகவரிக்கு வந்த கடிதங்களை வாங்கிப்போக.
கடிதங்களைப் பார்க்கவில்லை.
கயிற்றையே பார்த்தார்.
செருப்பு நுனியால் ஓரிடம் காட்டி
மலாயில் சொன்னார், 'இங்கே மட்டும் வேண்டாம்.'

கோப்பி என்று ஒரு நாய்.
முன்பு இங்கே தோட்டம் இருந்ததாம்.
அவர் நட்டதையெல்லாம் அது தோண்டிப் போடும்,
அவர் திட்டுவார், மறுபடி நடுவார்.
பதினான்கு வருடம் இப்படியே.
அது போனதும், இனித் தோண்ட யார் என்று
கணவர் சிமெண்டு ஊற்றிவிட்டார்.

எலும்பும் உரம்தானே என்றார் புவனேந்திரன்,
நல்லவேளை, தமிழில்.

ஊய் அம்மா அழவில்லை.
சிமெண்டை உடைக்க எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்டார்.
சொன்னேன்.
'ஐயோ, ஏமாந்துவிட்டாய்' என்றார்.
கடிதங்களை மேசைமேலேயே மறந்துவிட்டுப் போனார்.

செங்கல்லைப் பிரித்தேன்.
குழாயடி வரை நேராக வந்த பாத்தி
அங்கே இடுப்பை ஒடித்து ஒதுங்கி
அப்புறம் தன் வழியில் போகிறது.
விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள்
ஓட்டை உரசுவதுபோல் போகின்றன;
சன்னலோரம் யாராவது பார்த்தால்
அளக்கத் தெரியாத வீடு என்பார்கள்.

விட்ட இடம் மொட்டையாக இருந்தது, ஐந்து நாள்.
ஆறாம் நாள் மைலோ டின்னிலிருந்து
ஒரு கொப்பைக் கிள்ளிச் செருகினேன்.
கற்பூரவல்லிக்குத் தோண்ட வேண்டியதில்லை,
விரல் போகும் ஆழம் போதும்.

இன்னும் ஒன்றும் பூக்கவில்லை.
இட்லிப் பூச் செடியில் மாவுப்பூச்சி.
நேற்று அங்கி மாட்டும் அறையில்
மேற்பார்வையாளர் ஸலேஹா
என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'என்ன இது, மண்ணா?'
'ஆமாம்' என்றேன், 'எங்களுடையது.'
போய்த் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொன்னாள்.